கட்டம் ஆறுக்கு நாலு

அரசாங்கத்தில் முப்பத்தைந்து வருடம் கோப்புகளுக்கு இலக்கம் போட்டு ஓய்வுபெற்றவன் ஒன்றில் கோயில் நிருவாக சபையில் சேர்ந்து சண்டை பிடிக்க வேண்டும், அல்லது பத்திரிகைக்குக் கடிதம் எழுத வேண்டும். எனக்கு இரண்டிலும் நாட்டமில்லை. நான் ஓவியர்களுக்குக் கணினி படிப்பித்தேன்.

தகுதி என்று கேட்டால், வெளிநாடு போன மகன் எங்கள் கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் ஒரு கணினியையும் ஸ்கேனரையும் விட்டுப் போயிருந்தான். அவற்றின் கையேடுகளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை நான் வாசித்திருந்தேன், உத்தரவாத விதிகள் உட்பட. சனிக்கிழமை காலைகளில் நாலைந்து ஓவியர்கள் வருவார்கள். வரவுப் பதிவேட்டில் ஒப்பமிட்ட பிறகே மௌஸைத் தொடலாம்.

வகுப்பைத் தொடங்கி வைத்தவள் என் மனைவியின் ஒன்றுவிட்ட தங்கை. கொட்டாஞ்சேனையில் சித்திர ஆசிரியை, சென்னையில் ஓவியம் படித்தவள். அங்கே அவளோடு படித்த சிநேகிதி ஒருத்தி மின்னஞ்சலில் ஒரு யோசனை அனுப்பியிருந்தாள். கொழும்பில் விளம்பரப் பலகை எழுதுகிற ஒருவர், சென்னையில் ஒருவர். இருவரும் தத்தம் தெருவை வரைய வேண்டும். சென்னையில் ஒரு மண்டபச் சுவரில் இரண்டையும் ஒரே தெருவாகச் சேர்த்துவிடுவார்கள்; சேருகிற இடத்தில் ஆளுக்குப் பாதியாக ஒரு பஸ். யுத்தத்தில் ஆட்கள் போய்வருவது கஷ்டம், படங்களாவது போகட்டும் என்பது அவர்கள் எண்ணம்.

கொழும்பின் சார்பில் என் வகுப்பு மாணவர் ஒருவரைப் பிடித்தோம். ஜிந்துப்பிட்டிக்காரர், ஐம்பது வயது. கடைப் பலகை, திருவிழாப் பதாகை, லொறியின் பின்கதவு என்று அவர் தூரிகை படாத பரப்பு அந்தப் பக்கத்தில் குறைவு. கணினியில் அவருக்கு மிகவும் பிடித்தது, செய்ததை இல்லாமல் ஆக்குகிற கட்டளை. “இது முப்பது வருசத்துக்கு முந்தியே எனக்குக் கிடைச்சிருக்கணும் ஐயா” என்று அதை அமுக்கி அமுக்கிச் சிரிப்பார்.

அவர் சம்மதித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. மலையகத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களோடு அவருடைய அக்கா கப்பலேறியபோது இவருக்குப் பதினேழு வயது. அதன்பிறகு இருவரும் சந்திக்கவில்லை. கோத்தகிரியில் இருந்த அக்கா, கண்காட்சி தொடங்கும் சனிக்கிழமை சென்னைக்கு வந்துவிடுவதாகக் கடிதம் போட்டிருந்தார்.

“கடைக்கு முன்னால என்னையே வரைஞ்சு வைக்கிறேன். அக்கா வந்து பாக்கட்டும்” என்றார்.

அவரே போயிருக்கலாம். ஆனால் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறொரு பெயரும் இருந்ததால் கடவுச்சீட்டு எடுக்க முடியவில்லை. பெயர்த் திருத்த விண்ணப்பத்தை நானே பூர்த்தி செய்து கொடுத்திருந்தேன். அது உரிய வேகத்தில் போய்க்கொண்டிருந்தது, அதாவது போகவில்லை.

ஸ்கேனரின் கண்ணாடி ஏ-நான்கு தாளைவிடப் பெரிய எதையும் ஏற்காது என்று நான் விளக்கினேன். அவர் கவலைப்படவில்லை.

“பெரிய சுவருன்னா நாங்க கட்டம் போட்டுத்தான் ஐயா ஏத்துவோம். இப்ப ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனித் தாள்ல வரைஞ்சிட்டாப் போச்சு. அகலத்துக்கு ஆறு, உயரத்துக்கு நாலு.”

இருபத்துநான்கு தாள்கள். நிறம் நிறமாகக் கலந்து எல்லாத் தாளிலும் பூசிக்கொண்டு போவார். எது முதலில் காய்கிறதோ அது முதலில் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வரும். சோதனைச் சாவடியில் ஒருநாள் உறையைத் திறந்த சிப்பாய், ஒற்றைக் காதும் கொஞ்சம் வானமும் மட்டும் இருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மொக்கத மே?” என்று சிங்களத்தில் கேட்டானாம், என்ன இது என்று. “மகே கன, மாத்தயா” என்று இவர் தன் காதைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். சிப்பாய் இரண்டு காதையும் ஒப்பிட்டுப் பார்த்து, சரி, போ என்று விட்டுவிட்டான். நான் முத்திரை குத்திக் கொடுத்திருந்த சிபாரிசுக் கடிதத்தை யாரும் கேட்கவேயில்லை. அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். தாள்களின் பின்புறத்தில் அவர் பென்சிலால் ஏதோ கிறுக்கியிருந்தார்: மே-3, கீ-5 என்று. ஓர் ஆவணத்துக்கு இரண்டு இலக்கங்கள் இருக்கக் கூடாது என்பது எந்தக் கந்தோரிலும் முதல் நாளே சொல்லித்தருகிற விதி. ஆகவே அவற்றை அழிறப்பரால் சுத்தமாக அழித்துவிட்டு, வந்து சேர்ந்த வரிசைப்படி ஒன்று முதல் இருபத்துநான்குவரை இலக்கமிட்டு, பதிவேட்டில் பதிந்து, அதே இலக்கங்களில் ஸ்கேன் செய்து சென்னைக்கு மின்னஞ்சலில் அனுப்பிவைத்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை.

புதன்கிழமை பதில் வந்தது. இலக்க ஒழுங்கின்படி அடுக்கிய மாதிரிப் படத்தை இணைத்து, “மிகவும் நவீனமான பார்வை! பெரிதாக அச்சடித்துவிட்டோம், வெள்ளிக்கிழமை இப்படியே ஒட்டுகிறோம்” என்று எழுதியிருந்தாள் சிநேகிதி.

வியாழன் காலை என் மைத்துனியோடு வந்த ஓவியர் படத்தைப் பார்த்தார். கோபுரத்தின் உச்சி சாக்கடைக்குப் பக்கத்தில் இருந்தது. அவருடைய செருப்புக் கால்கள் வானத்தில் நின்றன. முகத்தின் மறுபாதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாழைக்குலை தொங்கியது.

“ஐயா, நான் நவீனமா எல்லாம் வரையலீங்க. நேராத்தான் வரைஞ்சேன்” என்றார். பிறகு, மெதுவாக, “இதுல அக்கா என்னை எங்கன்னு தேடும்?”

என் மைத்துனி ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். “அத்தான், இதில பென்சிலால எழுதினது ஏதும் இருந்ததோ?”

“இருந்தது. ஒழுங்கீனமா இருந்தது. அழிச்சுப்போட்டன்.”

“ஐயோ அத்தான்! அது எந்தக் கட்டம் எங்க வருமெண்டு அவர் போட்ட அடையாளம்!”

“பென்சன் எடுத்தும் இந்த மனிசன் அழிறப்பரை விடேல்லை” என்றாள் குசினியிலிருந்து என் மனைவி.

ஓவியர் தாள்களை வாங்கி ஹோல் தரையில் போடத் தொடங்கினார். சீட்டு விளையாடுகிறவரைப்போல, யோசிக்காமல். இரண்டு நிமிடத்துக்குள் ஜிந்துப்பிட்டித் தெரு எங்கள் தரையில் நிமிர்ந்து நின்றது. இனி அதைச் சென்னைக்குச் சொல்ல வேண்டும். இணையத்துக்கும் தொலைபேசிக்கும் ஒரே இணைப்பு. கணினியைக் கழற்றிவிட்டு, மண்டபத்துக்கு இந்தியா அழைப்பு எடுத்தேன். சென்னை ஓவியர்தான் பேசினார். சுவரில் தன் பாதியை வரைந்துகொண்டிருந்தவரைக் கூப்பிட்டுவிட்டிருந்தார்கள்.

“முதலாம் நிரை, இடமிருந்து வலமாக, பதிவிலக்கம் பதினேழு, அதனையடுத்து...” என்று தொடங்கினேன்.

“சார், இன்னா சார் சொல்றீங்க? ஒண்ணும் புரியல சார்” என்றது அந்தப் பக்கம். குரல் அறை முழுவதும் கேட்டது.

ஓவியர் பணிவாக, ஆனால் உறுதியாக, ரிசீவரை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

“அண்ணே, கட்டம் ஆறுக்கு நாலு. மேல இடது மூலையில கோபுரக் கலசம் இருக்கா?”

“கீது, கீது. அதுக்கப்பால?”

“அதுக்குப் பக்கத்துல வெறும் வானம், ஒரு காக்கா.”

“காக்கா... தோ, புட்ச்சிட்டேன். அடுத்தது கரண்டுக் கம்பமா?”

“அதேதாண்ணே!”

அதன்பிறகு இலக்கமே தேவைப்படவில்லை. சைக்கிள் சக்கரம், வாழைக்குலை, பலகையில் பாதி எழுத்து என்று இருவரும் ஒரு சுவரின் முன்னால் ஒரே சாரக்கட்டில் நிற்பவர்களைப்போலக் கதைத்துக்கொண்டே போனார்கள்.

“ரெண்டு தெருவும் சேர்ற எடத்துல உன் பஸ்ஸோட பின்பாதி வருது. சிவப்பா அடிச்சிருக்கியே?”

“எங்க பஸ் சிவப்புத்தாண்ணே.”

“நம்மளுது பச்சை. முன்பாதிய அடிச்சிட்டேனே.”

“ஓடட்டும் விடுங்கண்ணே!”

இரண்டு பக்கமும் சிரித்தார்கள். பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்த எனக்கும் சிரிப்பு வந்தது. உத்தியோக வாழ்க்கையில் நான் தேவைப்படாத ஒரு கூட்டத்தில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

சனிக்கிழமை வகுப்பு நடக்கவில்லை. எல்லோரும் திரையைச் சுற்றி நின்றார்கள். பகல் பதினொரு மணியளவில் மண்டபத்திலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. அந்த நாளைய இணையத்தில் படம் மேலிருந்து கோடு கோடாகத்தான் இறங்கும். முதலில் கலசம். “வந்திட்டுது!” என்றாள் மைத்துனி. காக்கா. கம்பம். பிறகு ஓவியரின் கலைந்த தலை, நெற்றி, இரண்டு காதுகள், முழுமுகம். அதற்குக் கீழே, அவருடைய நெஞ்சளவு உயரத்தில், சுவருக்கு இந்தப் பக்கமாக நரைத்த தலையொன்று இறங்கியது. பிறகு கண்ணாடி. பிறகு சேலைத் தலைப்பு. அவருடைய ஒரு கை, வரையப்பட்ட தம்பியின் கையின்மேல் பதிந்திருந்தது. வேலையைத் தடுக்கிற பழக்கமுள்ள எங்கள் தொலைபேசி இணைப்பு அன்றைக்கு ஒருமுறையும் அறுபடவில்லை.

சிநேகிதி இரண்டு வரி எழுதியிருந்தாள். நான் உரக்க வாசித்தேன்: “அந்த அம்மா வந்த உடனே தம்பியை அடையாளம் கண்டுவிட்டார். ‘இவன் இப்பவும் தலைவாராமத்தான் கடைக்கு வர்றானா’ என்று கேட்கிறார்.”

“அக்காதாங்க!” என்று கத்தினார் ஓவியர். “சந்தேகமே இல்ல, எங்கக்காதான்!”

என் மனைவி உள்ளே போய் ஒரு சீப்பை எடுத்துவந்து அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கி, திரைக்கு முன்னால் நின்றபடியே, கண்ணைத் துடைத்துக்கொண்டு தலைவாரினார்.