ஓட்ட போட்டு, மருந்து வச்சு...

எங்க வூட்டு போன கையில எடுத்தாலே அப்பல்லாம் கருவாட்டு வாசன அடிக்கும்...

கருவாடு கழுவுன கையோடவே அஞ்சல அத தேச்சுத் தேச்சு வீடியோ பாப்பா. அஞ்சலன்னா என் பொண்டாட்டி. "டாக்டரு மூஞ்சில மீன் செதில ஒட்டி வச்சிருக்கியேடி, அவருக்கு யாரு வைத்தியம் பாக்கறது"ம்பேன்.

ஏன் டாக்டருன்னா, நாங்க பாக்கறது பூரா டாக்டரு வீடியோதான். சீரியல் போட்டா அவளுக்கு அழுக வரும், எனக்கு தூக்கம் வரும். ரெண்டு பேருக்கும் ஒத்து வந்தது இது ஒண்ணுதான்.

கொடல்வாலு எப்டி வீங்குது... கண்ணுல பொரை எப்டி எடுக்கறாங்க... வாய் வழியா டியூப் வுட்டு வயித்த எப்டி பாக்கறாங்க... எல்லாத்தையும் பொம்ம போட்டு தமிழ்லயே சொல்லுவாங்க.

நான் படிச்சது அஞ்சாங்கிளாஸ். இந்த போஸ்ட்டே நான் வாயால சொல்றேன், போனு எழுதுது. தப்பு இருந்தா போனத் திட்டுங்க. ஆனா டீக்கடைல நான்தான் ஸ்பெஷலிஸ்ட்டு! ஒருத்தன் கால சொறிஞ்சா போதும், "வெரிகோஸ் வெயினு, கால தூக்கி வச்சு படு"ம்பேன். பாவம், அவன கொசு கடிச்சிருக்கும்.

"அஞ்சாங்கிளாஸ் டாக்டரே, ரவுண்ஸ் முடிஞ்சுதுன்னா சோறு திங்க வாரீங்களா"ன்னு அஞ்சல தெரு மொனைல நின்னு கத்துவா. கடையே சிரிக்கும்.

அப்பதான் அவளுக்கு வயித்து வலி வந்துச்சு. சாப்ட்டதும் வலது வெலாவுக்குக் கீழ கைய வச்சுகிட்டு ஒக்காந்துருவா. அரியலூர் கூட்டிட்டுப் போயி ஸ்கேன் பாத்தோம்.

"பித்தப்பைல கல்லும்மா. அடிக்கடி வலி வருதுல்ல, பையோட எடுத்துடலாம். வயித்தல்லாம் கிழிக்க மாட்டோம், சின்னச் சின்னதா நாலு ஓட்டதான். வெள்ளிக்கெழம வந்து அட்மிட் ஆயிடுங்க"ன்னாங்க டாக்டரம்மா. அஞ்சல நல்லாத்தான் தலையாட்டிட்டு வந்தா.

வூட்டுக்கு வந்ததும் அந்த ஆபரேசன் வீடியோவத் தேடிப் புடிச்சேன். பொம்ம வயித்துல காத்தடிச்சு உப்ப வச்சாங்க. ஒரு ஓட்ட... ரெண்டு ஓட்ட... அந்த எடத்துல வீடியோவ நிறுத்துனேன்.

என் நாக்கு சும்மா கெடக்காதுல்ல.

நான் ஆலத்தியூர் பக்கம் சுண்ணாம்புக்கல்லு குவாரில வேல பாத்தவன். பாறைல வரிசையா ஓட்ட போட்டு, உள்ள வெடிமருந்தப் போட்டு அடைப்போம். அத வெடின்னு எங்காளுங்க சொல்ல மாட்டாங்க, "மருந்து வக்கறது"ம்பாங்க. வெடிக்கறதுக்கு முன்ன விசில ஊதி "தள்ளி நில்லு... தள்ளி நில்லு..."ன்னு கத்துவோம். மத்தியானம் அது வெடிச்சா எங்க வூட்டுல டம்ளரு ஆடும். கல்யாணமாயி வந்த நாள்லேந்து அந்த சத்தம்னா அஞ்சலைக்கு ஆவாது. காதப் பொத்திகிட்டு ஒக்காந்துருவா.

அவகிட்ட போயி சொன்னேன்...

"ஏ அஞ்சல, இது நம்ம குவாரி வேலதான்டி! ஓட்ட போடறாங்க பாத்தியா? அடுத்து மருந்து வப்பாங்க. டமால்! உன் கல்லு தூள்தூளா வந்துரும்."

அவ சிரிச்சா. "போய்யா"ன்னு முதுகுல ஒண்ணு வச்சா.

அப்பறம் போன வாங்கி கவுத்து வச்சுட்டா. அத நான் பெருசா எடுத்துக்கல.

வியாழக்கெழம நான் துணிப்பைய எடுத்து வைக்கறேன், "நான் வரலய்யா"ங்கறா.

"ஏன்டி?"

"நெசமா மருந்துதான வப்பாங்க?"

"அடிக் கிறுக்கி, வெளாட்டுக்குச் சொன்னேன்டி."

"நீ எத வெளாட்டுக்குச் சொல்ற, எத நெசமாச் சொல்றன்னு எனக்கு எப்டிய்யா தெரியும்?"

நாப்பது வருசமா வெளாட்டுப் பேச்சுல நான் எடுத்து வச்ச பேரு அது. அன்னிக்கி எம்மேலயே வந்து விழுந்துச்சு. டாக்டரம்மாகிட்டயே கேப்போம் வான்னு கெஞ்சுனேன். திருப்பூர்லேந்து மக வந்து அழுதா. அவ அசையல.

கல்லக் கரைக்கற சாறுன்னு வேற ஒரு வீடியோவப் பாத்து அத அரைச்சுக் குடிச்சா. வலி கொஞ்ச நாளு வரல. நானும் மனசத் தேத்திகிட்டேன்.

எட்டு மாசம் போயி குளிருசொரம். கண்ணு ரெண்டும் மஞ்சளாயிருச்சு. பெரம்பலூருக்குத் தூக்கிட்டு ஓடுனோம். கல்லு எறங்கி குழாய அடச்சிருச்சாம்... கிருமி ரத்தத்துல கலந்துருச்சாம். "கொஞ்சம் முன்னாடி எடுத்திருந்தா சின்ன ஆபரேசன்யா"ன்னாங்க.

தியேட்டரு கதவுக்கிட்ட ஸ்ட்ரெச்சர நிறுத்துனாங்க. நான் கம்பியப் புடிச்சுகிட்டு அழுவறேன். அவ கண்ணத் தொறந்து பாத்தா. அந்த மஞ்சக் கண்ணுலயும் ஒரு சிரிப்பு...

"யோவ்... மருந்து வக்கப் போறாங்க. தள்ளி நில்லு."

மூணாம் நாளு போயிட்டா.

ஆறு வருசமாச்சு. இப்ப இருக்கறது வேற போனு. வாசன கீசன ஒண்ணும் இல்ல. டீக்கடைல இப்ப எல்லாப் பயலும் டாக்டருதான்... யாராவது என்கிட்ட கேட்டா, "ஆஸ்பத்திரிக்குப் போ"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துருவேன்.

அந்த ஆபரேசன் வீடியோ மட்டும் அப்பப்ப தானா வந்து நிக்கும். தள்ளி வுட்டுருவேன். போன வாரம் தள்ளல. ஓட்ட போடற எடத்தத் தாண்டி பாத்தேன்.

மருந்தும் இல்ல, டமாலும் இல்ல. பித்தப்பைய ஒரு உறைக்குள்ள போட்டு தொப்புள் வழியா அலுங்காம எடுத்துட்டாங்க. கடைசில பொம்ம இல்ல, நெசப் பொம்பள ஒருத்தி வந்தா. அஞ்சல வயசுதான் இருக்கும். மறுநாளு காலைல கட்டில்ல ஒக்காந்து இட்லி திங்கறா. "பயந்துகிட்டே வந்தேங்க, ஒண்ணுமே தெரியல"ன்னு சிரிக்கறா.

அன்னிக்கி நான் நிறுத்துன எடத்துலேந்து அதுக்கு ரெண்டே நிமிசந்தாங்க இருந்துச்சு...