யாரும் எதிர்த்துக் கேட்காத ஏலம்

இங்கே பேருந்தை விட்டு இறங்குகிறவர்கள் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் எனக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. ஆரணியிலிருந்து தேவிகாபுரம் போகிற பஸ்ஸில் இறங்கும்போது யாராவது டிரைவருக்கு நன்றி சொன்னால், அவர் வண்டியை நிறுத்திவிட்டு 'உடம்பு கிடம்பு சரியில்லையா' என்று கேட்பார். பிறகு நானே இந்த ஊரில் பேருந்து ஓட்டுநரானேன். நாள் முழுக்க நன்றி வாங்கிச் சேர்த்தேன். மாலையில் வீட்டுக்கு வரும்போது ஏதோ சம்பாதித்துக்கொண்டு வருகிற மாதிரியே இருக்கும்.

போன வருடம் குளிர்காலத்தில், டிப்போவின் சாப்பாட்டு அறையில் நாற்காலியிலிருந்து விழுந்தேன். கண் திறந்தபோது ஆஸ்பத்திரி. வலிப்பு என்றார்கள். ஒரே தடவைதான், மறுபடி வரவில்லை. ஆனாலும் பேருந்து ஓட்டும் உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது நியாயம்தான், அத்தனை உயிரை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. நோய்க்கால ஊதியம் கொஞ்ச நாள் வந்தது, பிறகு நின்றது, பிறகு வேலையும் போனது. நான் ஓட்டிய அதே தடத்தில் இப்போது பயணியாக ஏறுகிறேன். எனக்குத் தினமும் நன்றி சொன்ன அதே முகங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கின்றன. சீருடை இல்லாத என்னை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

என் மனைவி அமுதா முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். என் சம்பளமும் சேர்ந்து ஓடவேண்டிய குடும்பத்தை ஒற்றை ஆளாக இழுத்தாள். சாப்பாடு, கரண்ட், அவள் போய்வர டிக்கெட் இவ்வளவுக்கும் அது சரியாகப் போனது. வீட்டை ஈடுவைத்து வாங்கிய மார்ட்கேஜ் கடனின் தவணை மட்டும் நின்றது.

கடன் கொடுத்த நிறுவனத்திலிருந்து கடிதங்கள் வந்தன. அவ்வளவு மரியாதையான கடிதங்களை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அன்புள்ள என்று தொடங்கி, உங்களுக்கு உதவக் காத்திருக்கிறோம் என்று முடியும். இங்கேதான் நான் ஏமாந்தேன். நம்ம ஊரில் கடன் கொடுத்தவர் தணிந்து பேசினால் இன்னும் நாள் இருக்கிறது என்று அர்த்தம். என் அப்பா கைத்தறி நெய்தவர். ஒரு சமயம் அவருக்கு மஞ்சள் காமாலை வந்து தறி நின்றபோது, முன்பணம் கொடுத்த முதலாளி வாசலில் நின்று தெருவே கேட்கும்படி கத்தினார். அப்போதுதான் எங்களுக்கு நிலைமை உறைத்தது. மறுநாள் அதே முதலாளி இளநீர் வாங்கிக்கொண்டு வந்தார், அது வேறு. கத்துகிற வரைக்கும் பயமில்லை என்றுதான் எனக்குள் ஊறியிருந்தது. இங்கே யாரும் கத்தவில்லை. மரியாதை குறையாமலேயே கடைசிக் கடிதத்தில் கோர்ட் என்று எழுதியிருந்தார்கள்.

பகலெல்லாம் வீட்டில் தனியாக இருப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் வெயில் அடித்தால் வெயிலைப் பற்றிச் சொல்வார், மழை பெய்தால் மழையைப் பற்றி. ஒருநாள் ஒரு நினைப்பு வந்தது. சிரிக்காதீர்கள். யாராவது வந்து வாசலில் நின்று என் பேரைச் சொல்லித் திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. என் கஷ்டம் இன்னொரு மனிதனுக்குத் தெரியும் என்றாவது ஆகுமே.

அமுதாதான் என்னை இழுத்துக்கொண்டுபோய், இலவசமாகக் கடன் ஆலோசனை சொல்லும் இடத்தில் விட்டாள். ஜேன் என்ற அம்மா. என் அக்கா வயது இருக்கும். எங்கள் வங்கிக் கணக்கை வரிவரியாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் பேனாவை வைத்தார்.

"ஹீட்டரை அணைத்துவிட்டீர்கள். இறைச்சி வாங்குவதில்லை. ஆனால் மாதாமாதம் இந்தியாவுக்கு இந்தப் பணம் போகிறதே, இது என்ன?"

"சீட்டு" என்றேன். பிறகு விளக்கினேன். எங்கள் தெருவில் மல்லிகா அக்கா என்பவர் ஏலச்சீட்டு நடத்துகிறார். எல்லாரும் மாதாமாதம் பணம் போடுவோம். சேர்ந்த தொகைக்கு ஏலம். அவசரமாக வேண்டியவர் யாரோ, அவர் அதிகமாகத் தள்ளிக் கேட்டு, மிச்சத்தை எடுத்துக்கொள்வார். தள்ளியதை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வோம்.

"உங்கள் பணத்தையே எடுப்பதற்கு நீங்கள் நஷ்டப்பட வேண்டுமா?"

"ஆமாம்."

"கட்டாவிட்டால் வழக்குப் போடுவார்களா?"

"இல்லை."

"பிறகு என்ன செய்வார்கள்?"

"தெருவுக்குத் தெரிந்துவிடும்" என்றேன்.

நான் இன்னும் முடிக்கவில்லை என்று நினைத்து ஜேன் காத்துக்கொண்டிருந்தார். சொல்வதற்கு என்னிடம் அதற்கு மேல் ஒன்றுமில்லை. தலைக்கு மேல் கூரையை எடுத்துக்கொள்ளக்கூடியவர்களை விட்டுவிட்டு, வெறும் பேச்சு மட்டுமே பேசக்கூடியவர்களுக்கு ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியிருக்கிறேன். ஆரணிக்காரனைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஜேன் தெளிவாகச் சொன்னார். அந்தச் சீட்டுத் தொகை கிட்டத்தட்ட முழுசாக வந்தால் பாக்கியை அடைத்துவிடலாம், மீதித் தவணையைக் குறைத்துக்கொள்ளப் பேசலாம். வராவிட்டால் வீடு கைவிட்டுப் போகும், அதன் பிறகும் கடன் நிற்கும், திவால் மனு எழுத வேண்டியதுதான்.

மல்லிகா அக்காவுக்குப் போன் போட்டேன்.

"இன்னாபா கொமரேசா, அதிசயமா கீது. நல்லாக்கீறியா?"

"நல்லாக்கீறேன்கா. இந்த மாசம் சீட்ட நான் எடுத்துக்கட்டுமா?"

"இன்னாத்துக்கு?"

"சும்மாதான்கா."

"சும்மான்னா வாணாம்பா. பட்டு வியாபாரி சம்பத்து இந்த மாசம் கேக்கறேன்னு சொல்லிகினு கீறாரு. சீசனுக்கு நூல் வாங்கணுமாம். பாதிக்குப் பாதி தள்ளுவாரு. நீ எதுக்கு அதுல பூந்து பேஜாராவற?"

போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சம்பத்தோடு போட்டி போட்டால் கைக்கு வருவது பாக்கிக்குக் காணாது. எங்கள் சீட்டில் போட்டியே இல்லாமல் எடுக்க ஒரே ஒரு வழி உண்டு. கல்யாணமோ ஆஸ்பத்திரியோ, விஷயத்தை எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னவருக்கு எதிராக யாரும் கேட்க மாட்டார்கள். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. பிரசவத்துக்குப் பணம் கேட்டவரோடு ஏலத்தில் மோதிய ஒரு மளிகைக்கடைக்காரருக்கு, ஏலத்தன்று எல்லாருக்கும் தருகிற டீயை மல்லிகா அக்கா அதன்பிறகு ஊற்றவே இல்லை. மனிதர் அடுத்த சீட்டில் சேரவே இல்லை.

ஆனால் இரக்கம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வாயும் இருக்கிற தெரு அது. எங்கள் தெருவில் ஒருவர் தறிக்குப் பாவு நூல் நீட்டிக்கொண்டிருக்கும்போது வலிப்பு வந்து விழுந்தார். கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள், சோடா வாங்கிக் கொடுத்தார்கள், வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த மாதம் அவர் தங்கைக்குப் பேசியிருந்த சம்பந்தம் நின்றுபோனது. தூக்கிக்கொண்டு போனவர்களில் ஒருவர் வாய்தான் அந்தச் சேதியையும் தூக்கிக்கொண்டு போயிருக்கும். எங்கள் மகள் நிவேதாவுக்கு அந்தப் பக்கம்தான் வரன் பார்க்கிறோம். "கடன்னு சொல்லு, கஷ்டம்னு சொல்லு. வலிப்புன்னு மட்டும் வாயத் திறக்காத" என்று அமுதா அழுதாள். நிவேதாவிடமே கேட்டேன். "அதுக்காக என்னை வேணாம்கிற வீடு எனக்கு எதுக்குப்பா?" என்றாள். இங்கே வளர்ந்த பெண். அவளுக்கு அந்தத் தெரு தெரியாது. அவள் தைரியம் எனக்குப் பாதிதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, சீட்டு ஏல நாள். ஆரணியில் மாலை, இங்கே மதியம். அமுதா வேலைக்குப் போயிருந்தாள். மல்லிகா அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டுப் பாய் நடுவில் வைத்தார்.

"கொமரேசன் லைன்ல கீறான். எல்லாரும் கேட்டுக்கங்க."

"இன்னா லண்டன்காரரே, நோட்டு அடிக்கிற மிஷினு ரிப்பேரா?" இது தேவராஜு அண்ணன். என் அப்பாவுக்கு அடுத்த வீட்டில் தறி போட்டிருந்தவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பிலேயே முடித்துக்கொண்டு, கேட்காமல் போனை வைத்துவிடலாம் என்று தோன்றியது.

"மிஷினு இல்லண்ணா, ஆளுதான் ரிப்பேர்" என்றேன். "எனக்கு வலிப்பு வந்துச்சு. பஸ் ஓட்டக் கூடாதுன்ட்டாங்க. வேலை போச்சு. வூட்டு மேல கடன் கீது, கட்டலன்னா வூட்ட எடுத்துக்குவாங்க. எனக்கு இந்தச் சீட்டு வேணும்."



"கேக்கறவங்க கேளுங்க" என்றார் அக்கா. "ஒரு தரம்."

போனில், அக்காவின் பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடுவது மட்டும் கேட்டது.

"ரெண்டு தரம்."

யாரோ தொண்டையைச் செருமினார். சம்பத்தாக இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எனக்கு அடுத்த மாசம் ஆவட்டும்கா" என்றது சம்பத்தின் குரல். "நூல்காரன் இன்னா ஓடியா பூடுவான்?"

"மூணு தரம்."

அக்காவின் கமிஷன் போக முழுத் தொகையும் எனக்கு. தேவராஜு அண்ணன்தான் முதலில் பேசினார். "டீய ஊத்துக்கா, ஜல்தியா. ஆறிப்பூடப் போவுது." கொஞ்சம் முன்பு கேலி பேசியதற்கு அவர் கேட்ட மன்னிப்பு அது என்று எனக்குப் புரிந்தது. ஆரணியில் இருக்கும் என் தம்பி வங்கிக்குப் போய், வழிமுறை கேட்டுப் பணத்தை அனுப்பி வைப்பதாக ஏற்பாடு. இந்த வீடு இன்னும் கொஞ்ச காலம் நிற்கும். சீட்டு முடிகிற வரை தவணை கட்ட வேண்டும், நான் வேறு வேலை தேட வேண்டும், வரன் பார்க்கிற வீடுகளுக்குச் செய்தி எப்படிப் போய்ச் சேரும் என்பது தெரியாது. இன்று இரவே ஆரணியில் எத்தனை வீட்டுச் சாப்பாட்டில் என் பேர் பரிமாறப்படுமோ. இங்கே என் தெருவில் இன்னும் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

அங்கே எல்லாரும் எழுந்து போனார்கள். போனைப் பாயிலேயே மறந்துவிட்டார்கள். நான் வைக்கவில்லை. டம்ளர்களைச் சேர்க்கிற ஓசை, துடைப்பம், பிறகு பாயைச் சுருட்டுகிற சத்தம். அக்காவின் குரல் மிகக் கிட்டத்தில் கேட்டது.

"தே, இன்னும் கீறியா?"

"கீறேன்கா."

"சாப்டியா?"

"இன்னும் இல்லக்கா."

"போயி சாப்புடு, போ."

சொன்னாரே தவிர அவரும் வைக்கவில்லை. போனை எங்கோ மாடத்தில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார் போல. ஜன்னலுக்கு வெளியே என் பழைய தடத்துப் பேருந்து வந்து நின்றது. ஒரு கிழவி மெல்ல இறங்கி, ஓட்டுநர் பக்கம் திரும்பி வாயசைத்தார். கண்ணாடி மூடியிருந்தது, அவர் சொன்னது கேட்கவில்லை. என் வீட்டுக்குள் ஆரணித் தறி ஓடிக்கொண்டிருந்தது.