டி ஃபோர் டாங்கோ

அந்தத் தாள் எங்கள் அறையில், சுவர் மணிக்கூட்டுக்குக் கீழே ஒட்டப்பட்டிருந்தது. A முதல் Z வரை இருபத்தாறு எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சொல். அல்ஃபா, பிராவோ, சார்லி என்று போகும். ஒட்டியவர் எங்கள் ரேடியோக்காரர். பசை காயும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். சாமி படமா மாட்டுகிறீர் என்று நான் நக்கலடித்தேன். அந்தத் தாளில் இருந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக நான் வேறொன்றைச் சொன்னேன். அதற்காக அவரைக் கொண்டுபோனார்கள். இதை எழுத எனக்கு இத்தனை வருடங்கள் பிடித்திருக்கின்றன.

யுத்த காலத்துக் கொழும்பில், தரும நிதியில் ஓடிய ஒரு அம்புலன்ஸ் சேவையில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். நான் யாழ்ப்பாணத்தான், வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்தேன். அவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த வேதக்காரர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. தொலைபேசி என் பொறுப்பு. வண்டிகளோடு பேசும் ரேடியோ அவர் பொறுப்பு. அதற்கு முன்னால் அவர் கப்பல்களில் ரேடியோ வேலை பார்த்தவர். கிரேக்கன், பிலிப்பினோ, பிரேசில்காரன் எவனோடும் இந்த இருபத்தாறு சொற்களை வைத்துக்கொண்டே காலம் தள்ளினேன் என்பார்.

எங்கள் ஊரில் அந்த ஒழுங்கு கிடையாது. பொலிஸ் ஒரு விதமாக எழுத்துச் சொல்லும், தீயணைப்புக்காரர் இன்னொரு விதமாகச் சொல்வார்கள், எங்கள் சாரதிகள் K என்றால் கண்டி, N என்றால் நுகேகொடை என்று ஊர்ப்பெயர்களில் ஓட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து சிலர் வந்து மூன்று நாள் வகுப்பு எடுத்தார்கள். குண்டு வெடித்த இடத்துக்கு நான்கு சேவைகள் போனால் நான்கும் ஒரே பாஷை பேச வேண்டும், பல நாடுகள் கூடியிருந்து ஒப்புக்கொண்ட முறை இருக்கிறது, அதையே எல்லோரும் எடுங்கள் என்றார்கள். நான் பின்வரிசையில் கொட்டாவி விட்டேன். வெள்ளைக்காரனுக்கு வேறு வேலை இல்லை என்பது என் கட்சி. இவர் மட்டும் முன்வரிசையில் இருந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். தேநீர் வேளையில் என்னிடம் வந்து, "இந்தச் சொல்லுகள எந்த நாட்டுக்காரனும் பயப்படாத மாதிரிப் பாத்து எடுத்திருக்காங்க மச்சான், யோசிச்சுப் பாரு" என்றார். நான் யோசிக்கவில்லை.

அந்தச் சொல் என் வாயில் வந்த நாள் முற்பகல், ரேடியோக்காரர் மீன் பணிஸ் வாங்கக் கீழே போனார். ரேடியோவை விட்டு எழுந்து போகக் கூடாது. ஆனால் எனக்குப் பசி என்று நான்தான் அவரைப் பிடித்துத் தள்ளினேன். அவர் படி இறங்கியிருப்பார், கிருலப்பனையிலிருந்து ஒரு பிரசவ அழைப்பு வந்தது. வரிசை வீடுகள், எல்லாவற்றுக்கும் ஒரே இலக்கம், பக்கத்தில் ஒரு எழுத்து. இது இருபத்திரண்டு T. நான் ரேடியோவை எடுத்துச் சாரதிக்குச் சொன்னேன். இரைச்சல். D-யா T-யா என்று அவர் சிங்களத்தில் திருப்பிக் கேட்டார். மீண்டும் சொன்னேன், மீண்டும் கேட்டார். பின்னால் தொலைபேசியில் அந்தப் பெண்ணின் தாய் அழுவது கேட்கிறது. தாளில் T-க்கு எதிரே டாங்கோ என்று இருந்தது. பாலர் வகுப்பில் படம் பார்த்துப் படித்தது அப்படியே வாயில் வந்துவிட்டது: "டி ஃபோர் டைகர்."

டைகர், புலி. அந்தக் காலத்துக் கொழும்பில் ஒரு தமிழ் வாயில் வரக்கூடாத சொல் அது. பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள்கூட டி ஃபோர் டீ என்றுதான் சொல்லுவார்கள். எங்கள் அலைவரிசையை யார் யாரோ கேட்டுக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். சாரதி நல்ல மனிதர், அதைப் பெரிதாக்காமல் சரியான வீட்டுக்குப் போனார். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். பணிசோடு வந்தவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் ஒருமாதிரிப் போயிற்று. தாளைத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் காலை சாதாரண உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். நேற்று அந்த நேரம் ரேடியோவில் இருந்தது யார் என்று சிங்களத்தில் கேட்டார்கள். பதிவுப் புத்தகத்தில் அவருடைய கையெழுத்து இருந்தது. நான் பேசுவதற்கு முன் அவர் "மம தமய்", நான்தான், என்றார். கண்ணாடியை எடுக்கும் சாட்டில் என் மேசைக்கு வந்து, குனிந்து, மெதுவாகச் சொன்னார்.

"உன்ட அடையாள அட்டையில யாழ்ப்பாணம்ன்னு இருக்கு. என்டதுல கொழும்பு. ஒரு மணித்தியாலத்துல வந்திருவேன், நீ லைனப் பாரு."

நான் லைனைப் பார்த்தேன். அன்று முழுக்கப் பார்த்தேன். அவர் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. எங்கே வைத்திருந்தார்கள் என்று கூட ஒருவரும் சொல்லவில்லை. அவருடைய பணிஸ் மேசை லாச்சிக்குள் காய்ந்து கல்லாகும்வரை கிடந்தது. எறிய எனக்குக் கை வரவில்லை. இப்போதும் தெருவில் யாராவது வெள்ளைச் சட்டையும் தடித்த கண்ணாடியுமாக முன்னால் நடந்தால், எட்டி நடந்து முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன். நான் கோழை. அதை அழகாகச் சொல்ல வேறு சொல் கிடையாது.

அவரைத் தேடி அவருடைய மனைவி ஒவ்வொரு அலுவலக வாசலாக ஏறினார். கூடப் போவது நான்தான். அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கொட்டாஞ்சேனைச் சந்தையில் பேரம் பேசி வளர்ந்தவர். ஆனாலும் அதிகாரிகளுக்கு முன்னால் தமிழில்தான் சொல்வேன், அண்ணன் மொழிபெயர்க்கட்டும் என்றார். எங்கே போனாலும் கடைசியில் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "என் புருஷன் அந்த வார்த்தையைச் சொல்ற ஆள் இல்ல. வீட்டிலயும் டாங்கோன்னுதான் சொல்வார்." நான் அதை ஒரு எழுத்தும் பிசகாமல் சிங்களத்தில் சொல்வேன். எத்தனை அலுவலகம், எத்தனை முறை என்று நினைவில்லை. அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று என்னிடம் இருந்தது, அதை ஒரு பாஷையிலும் சொல்லவில்லை. யுத்தம் முடியட்டும் என்று எனக்கு நானே தவணை சொன்னேன். யுத்தம் முடிந்தது. பிறகும் சொல்லவில்லை.

போன வருடம் இன்னொரு விசாரணைக் குழு என்றார்கள். போனோம். அவர் மனைவிக்கு முழங்கால் வலி, என் கையைப் பிடித்துக்கொண்டுதான் படி ஏறினார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது ஓர் இளம் பெண் அதிகாரி. அவர் மனைவி வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார், வழக்கம்போல் நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தி, இத்தனை காலமும் ஒருவரும் கேட்காத கேள்வியைச் சிங்களத்தில் கேட்டாள். அப்படியென்றால் அன்று ரேடியோவில் அதைச் சொன்னது யார்?

நான் அதைத் தமிழில் சொல்ல அவர் பக்கம் திரும்பினேன். அவர் ஏற்கெனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு விளங்கிச்சு அண்ணன்" என்றார். "இந்தக் கேள்விக்கு நீங்க பதில் சொல்லுங்க."