அத்தை அழித்த முகங்கள்

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது வயது பதினொன்று. எங்கள் திருநெல்வேலி வீட்டுக் கூடத்துச் சுவரில் பெண்ணின் ஏழு பருவங்களையும் வரைய, அப்பா ஆழ்வார்திருநகரியிலிருந்து ஓர் ஓவியரை வரவழைத்தார். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பேரும் ஒரே முகத்தோடு, பூவும் பொட்டுமாக நின்றார்கள். பார்த்தவர்களெல்லாம், "மகாலட்சுமில்லா!" என்று மெச்சினார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் வீடு கண்ணயர்ந்திருந்தது. பின்கட்டிலிருந்து அத்தை ஈரத்துணியோடு வந்தாள். அப்பாவின் தங்கை, என் வயதில் தாலி அறுத்தவள். விசேஷ நாட்களில் கூடத்துப் பக்கமே வரமாட்டாள். வந்தவள், கடைசிப் பெண்ணின் முகத்தை அவசரமாகத் துடைத்தாள்.

"எதுக்கு அத்தை அழிக்கிய?"

"ஏளா, சத்தம் போடாத. கிணத்தடியில என்னயப் பாத்துட்டு, அந்த ஆளு என் மூஞ்சியல்லா வரைஞ்சு வச்சிருக்காரு! கல்யாண வீட்டுல இந்த மூஞ்சி ஒனக்கு ஆகாது."

அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். அத்தையேதான். பொட்டு வைத்தால் அவள் இப்படி இருப்பாள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஒவ்வொரு முகமாகத் துடைத்து வந்தவள், சொப்பு வைத்து விளையாடும் பேதையிடம் வந்ததும் நின்றுவிட்டாள்.

"இவ இருக்கட்டும். இவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகல."

மறுநாள், அழிந்த ஆறு பேரையும் வாழைமரங்களால் மறைத்துவிட்டு, அந்தச் சிறுமிக்கு எதிரில் எனக்குத் தாலி கட்டினார்கள்.

தாலியோடு பேரன் பேத்திகளையும் பார்த்துவிட்டேன். அந்த முகங்களை யார் அழித்தது என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், அவள் அழித்ததால்தான் நீ நன்றாயிருக்கிறாய் என்பார்கள்.