குழாய்க்குள் ஏறிய எண்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாங்கள் செய்யும் சென்சார் பார்க்க உளுந்து வடை மாதிரி இருக்கும். பிளாஸ்டிக் வளையத்துக்குள் இரண்டு செப்புக் கம்பிச் சுருள்கள். தண்ணீரில் முக்கினால் ஒரு சுருள் தண்ணீருக்குள் மின்னோட்டத்தைத் தூண்டும். அது வளையத்தின் ஓட்டை வழியாகப் போய் வெளிப்புறமாகச் சுற்றித் திரும்பும். எவ்வளவு ஓடுகிறது என்பதை மற்ற சுருள் காட்டிக்கொடுக்கும். தண்ணீரில் உப்போ, காஸ்டிக் சோடா மாதிரிக் காரமோ கூடினால் மீட்டரில் எண்ணும் கூடும்.

குழாய்களைக் கழுவும் காரத்தண்ணீரை அளக்க ஒரு பால் நிறுவனம் வாங்கிப் பார்த்தது. வாளியில் நூறு காட்டிய சென்சார், அதே தண்ணீருக்கு அவர்களுடைய பிளாஸ்டிக் குழாயில் எண்பத்தெட்டுதான் காட்டியது. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"சுருள்லதான் கோளாறு. எல்லாத்தையும் மாத்திடலாம்" என்றார் முதலாளி.

சுருள் சுற்றுகிற அக்காவுக்கு முகம் செத்துப்போனது. நூம்பலிலிருந்து வருபவர். "ஒரு சுத்து கூட கொறையல மேடம். இன்னாத்துக்கு எம்மேல பழி?" என்றார் என்னிடம்.

எனக்கோ, சென்சாரை வடிவமைத்த என் கணக்கின் மீதுதான் சந்தேகம். கம்ப்யூட்டரில் நான் போட்டிருந்த மாதிரியில் சென்சாரைச் சுற்றி எல்லையில்லாமல் தண்ணீர் இருந்தது. குழாயில் அப்படியா? மின்னோட்டம் திரும்பிவர இடமே குறுகல். குழாயின் சுவரையும் சேர்த்து மறுபடி போட்டேன். எண்பத்தெட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

முதலாளி அசையவில்லை. "விடை தெரிஞ்ச கணக்கை யார் வேணா போடலாம்மா."

சரி, தெரியாததைச் சொல்கிறேன் என்று, அதே அளவு ஸ்டீல் குழாயை மாதிரியில் வைத்துப் பார்த்தேன். உலோகச் சுவரே மின்னோட்டத்துக்கு வழிவிடுகிறது. எண் குறையவில்லை, ஏறியது.

"ஸ்டீல்ல வெச்சா நூறைத் தாண்டும் சார். நூத்தஞ்சு வரும்."

"குறுகலான குழாய்ல ஏறுமா?" என்று சிரித்தார்.

அக்காவே ஸ்டீல் குழாயைத் தேடிக் கொண்டுவந்தார். ஒரு முனையை அடைத்து, வாளியில் நூறு காட்டிய தண்ணீரையே ஊற்றி, அவர் சுற்றிய அதே சென்சாரை இறக்கினோம். எண் தடுமாறி நூற்று நான்கில் நின்றது.

முதலாளி குனிந்து இரண்டு முறை பார்த்தார். பிறகு அக்காவிடம் திரும்பி, "உங்க சுருள் சரியாத்தாம்மா இருக்கு" என்றார்.

"அத்தத்தான் சார் அன்னிலேருந்து சொல்லிகினு கீறேன்."

பால் நிறுவனத்துக்கு அவரே போன் போட்டு, என் கையில் கொடுத்தார். எந்தக் குழாய்க்கு எவ்வளவு திருத்தம் என்று விளக்கினேன். அவர்கள் மறுபடி ஆர்டர் தந்தார்கள்.

சாயங்காலம் கொரட்டூர் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது வீட்டுக்காரரை அழைத்து, "ஏறியாச்சு" என்றேன். நான் ரயில் ஏறிவிட்டதாக நினைத்து, பால் வாங்கி வரச் சொன்னார். நடுரோட்டில் நின்று சிரித்தேன்.