முகமூடிக்காரனை வரைந்தவர்

நான் ஒஸ்லோவில் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறேன். புத்தகம் அடுக்குவது, பிரிண்டரோடு மல்லுக்கட்டுவது என்று மண்டையைக் குழப்பாத வேலைகள். சென்ற மாதம் ஒருத்தி தன் தாத்தாவின் படங்களோடு வந்தாள். இந்த ஊர்க்காரர் ஒருவரை மணந்து, பக்கத்து லில்லெஸ்ட்ரோம் நகரில் இருக்கும் அமெரிக்கப் பெண். என் நிம்மதி அன்றோடு போயிற்று.

அமெரிக்காவில் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் தலையெடுத்த காலத்தில், முகமூடி போட்டுக் கூரைக்குக் கூரை தாவும் ஒரு நாயகனை முதன்முதலில் வரைந்தவர் அந்தத் தாத்தா. அவர் வேலை செய்தது ஒரு நெருக்கமான அறை, வரிசையாக மேசைகள். ஒருவர் பென்சிலால் வரைவார், அடுத்தவர் மை போடுவார், அச்சில் வந்தது மட்டும் முதலாளியின் பெயர். பிறகு போருக்குப் போனார், திரும்பி வந்து சவர்க்கார விளம்பரங்கள் வரைந்தார். கிழவரான பின்தான் ரசிகர்கள் தேடி வந்து கையெழுத்துக் கேட்டார்களாம். ஒரு சிறிய கண்காட்சி வைப்போம் என்று முடிவானது. சுவரில் மாட்டும் அறிமுக அட்டையை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. இந்த நாயகனை உருவாக்கியவர் இவர்தான் என்று எங்காவது ஒரு சுவரில் எழுதியிருக்க வேண்டும். "உயிரோடு இருந்தபோது அவருக்கு அது கிடைக்கவில்லை," என்றாள்.

அதற்கென்ன, எழுதிவிடலாம் என்று நினைத்துத்தான் அவருடைய பழைய பேட்டிகளை எடுத்தேன். எடுக்காமலே இருந்திருக்கலாம். நாற்பது வயதில், முதலாளி சொன்னார், நான் வரைந்தேன் என்கிறார். அறுபதில், இருவரும் சேர்ந்து யோசித்தோம் என்கிறார். எண்பதில், முகமூடியிலிருந்து சப்பாத்து வரை எல்லாம் என் யோசனை என்கிறார். கூட வேலை செய்த ஒருவரோ முகமூடியே தன்னுடையது என்கிறார். எதை நம்புவது? கிழவர் மேல் எனக்குக் கோபமே வந்தது. ஒரு கதையில் நின்றால் என்ன!

வீட்டில் மனைவியிடம் புலம்பினேன்.

"மூண்டு பேட்டியிலையும் மூண்டு கதை சொல்லுறார். என்னத்தை எழுதிறது?"

"அந்தப் பிள்ளை கேட்ட மாதிரி எழுதி விடுங்கோவன். ஆர் வந்து கேக்கப் போகினம்?"

"பிழையா எழுதேலாதப்பா."

"அப்ப சாப்பிட்டிட்டு யோசியுங்கோ," என்றாள்.

சாப்பிட்டும் தெளியவில்லை. கடைசியில், 'இந்த நாயகனைத் தானே உருவாக்கியதாக அவர் கூறினார். அவருடைய கூற்றுகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை' என்று எழுதி மாட்டினேன். சாமர்த்தியமாகத் தப்பிவிட்டேன் என்ற நினைப்பு வேறு.

திறப்புக்கு முதல் நாள் அவள் வந்து வாசித்தாள்.

"தாத்தா பொய் சொன்னாரா?" என்று கேட்டாள்.

"அப்படி இல்லை. ஒன்றோடொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான்," என்று சொல்லும்போதே அந்தச் சொற்களை முன்பு எங்கே வாசித்தேன் என்பது நினைவுக்கு வந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என் அகதி விண்ணப்பத்தை முதலில் நிராகரித்து வந்த கடிதத்தில் இருந்ததும் இதே வசனம்தான். முதல் விசாரணையில், வீட்டை விட்டு மாலையில் புறப்பட்டோம் என்று சொல்லியிருந்தேன். இரண்டாவதில் விடியற்காலை என்றேன். எது சரி என்று இன்றைக்கும் எனக்கே தெரியாது. ஓடி வந்தது மட்டும் உண்மை.

வெட்கமாக இருந்தது. அட்டையைக் கழற்றினேன். "வேறு எழுதுகிறேன். என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை," என்றேன்.

அவள் சுவரில் இருந்த தாத்தாவின் படத்தைக் காட்டினாள்.

"அவர் வரைந்தார் என்பதையாவது சந்தேகப்படாமல் எழுதுங்கள்," என்றாள்.