கடல் தெரியும் அறை

கல்முனையில், கடலைப் பார்த்திருக்கும் ஹோட்டலின் பால்கனியில் பாலில்லாத பிளேன்ரீயோடு நிற்கிறேன். கீழே காவலாளி, மணலில் கிடக்கும் தோணியைக் காட்டி ஒரு மீனவரை விரட்டுகிறார். மீனவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். இறங்கிப் போகிறேன்.

“தம்பி, தோணி கடல மறைக்குதெண்டு நீங்களா சொன்ன?”

“நான் வாயே திறக்கல்ல, காக்கா” என்கிறேன், இந்த ஊர் முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்லால்.

“மேல இருக்கிற ஆள் சொன்னதாம்.”

மேலே தங்கியிருப்பது நான் ஒருவன்தான். ஆத்திரம் பற்றிக்கொண்டு வருகிறது. மேனேஜரிடம் போய்க் கத்துகிறேன்.

“உங்களுக்காகத்தானே சேர்” என்று அவர் சிரிக்கிறார்.

என்னைச் சாட்டி ஒரு மனிதரை அவருடைய கரையிலிருந்தே துரத்திவிட்டு, என் நன்றிக்காகக் காத்து நிற்கிறார். அறைச் சாவியை மேசையில் வீசிவிட்டுக் கரைக்கு ஓடுகிறேன். காக்காவும் இன்னும் சிலரும் தோணியை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். தடுக்கப் போன என் கையை அவர் விலக்குகிறார்.

“விடுங்க தம்பி. இப்ப கடல் நல்லாத் தெரியும். போய்ப் பாருங்க.”